சுருங்கிய செருப்பு

என் செருப்பு சுருங்கிவிட்டது.

சட்டை சுருங்கும், ஒத்துக்கொள்கிறேன். இடுப்பில் கட்டுகிற சாரம் சுருங்கும். ஆனால் போன தீபாவளிக்கு வாங்கிய தோல் செருப்பு, காலையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, சாயங்காலம் காலைப் பிடித்து நெரிக்குமா? நெரித்தது. வாரைப் பூட்ட முடியவில்லை. குதிகால் பாதி வெளியே நின்றது. நான் அழகமுத்து. கண்டி கொழும்புத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஒரு செம்பைத் தட்டி, அது போடும் சத்தத்திலேயே தரம் சொல்லுகிறவன். எனக்கே ஒருவன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்றால் சும்மா விடுவதா? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தள்ளிவிட்டவர் வேறு யாருமில்லை. அக்குறணையில் செருப்புக் கடை வைத்திருக்கும் என் நெடுநாள் சிநேகிதர் ஜவாஹிர் நாநா. முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன மொதலாளி, மொகமெல்லாம் செவந்து ஈக்கி? உக்காருங்கொ."

"உக்கார வரல நாநா. இது என்ன செருப்பு? சுருங்கிப் போச்சு."

"தோல் செருப்பு எங்கயாச்சும் சுருங்குமா?"

"அத நீங்கதான் சொல்லணும். அந்த ஆடு செத்த பொறகும் பயந்துக்கிட்டே இருக்கோ என்னமோ!"

நாநா சிரிக்கவில்லை. கீழே குந்தி என் காலைப் பிடித்தார். கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். குழி விழுந்தது. விரலை எடுத்தார். குழி எழும்பவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"செருப்பு சுருங்கல்ல மொதலாளி. ஒங்கட காலு வீங்கி ஈக்கி."

"அப்ப பெரிய சைஸ் ஒண்ணு குடுங்க!"

வியாபாரி என்றால் அவரல்லவோ வியாபாரி. உடனே ஒரு பெரிய ஜோடியை எடுத்துக் காலில் மாட்டினார். படகு மாதிரி இருந்தது. பழசை ஒரு பையில் போட்டுக் கையில் தந்தார். நானும் பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷமாகப் பஸ் ஏறினேன். நான் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டுவதற்குள் அந்த மனிதர் என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். சிநேகிதன் செய்கிற வேலையா இது?

என் மனைவி பெயர் பேச்சியம்மா. பெயரில்தான் பேச்சு இருக்கிறது. மற்றவர்களின் மனைவிமார் மணிக்கணக்கில் பேசிச் சாதிக்கிற காரியத்தை இவள் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். மூன்றாவது வார்த்தைக்கு நான் இடம் வைத்ததில்லை.

கட்டுக்கலையில் எங்கள் வீட்டு வாசலில் அவள் நல்ல சேலை கட்டி, குடையோடு நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட, பேச்சி?"

"டாக்டர்கிட்ட."

"ஏன், உனக்கு என்ன?"

"எனக்கு நீங்கதான்."

"சும்மா கால் வீக்கம். பெரிய செருப்பு வாங்கிட்டேன், பாரு."

அவள் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் கண்டதில்லை.

"உங்க அண்ணனும் பெரிய சப்பாத்து வாங்கிட்டு வந்தாரு. அண்ணி சிரிச்சாங்க. நாம எல்லாருந்தான் சிரிச்சோம். அந்தச் சப்பாத்து தேயல. நான் சிரிக்க மாட்டேங்க. எனக்குப் பயமா இருக்கு. வாங்க."

அண்ணன் வீரசிங்கம் செத்துப்போன ஞாபகம் எனக்கும் வந்துவிட்டது. அந்தச் சப்பாத்து இன்னும் அண்ணி வீட்டு அலுமாரிக்கு அடியில் பளபளவென்று இருக்கிறது. நான் குடைக்குள் நுழைந்தேன்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். என்னென்னவோ படம் எடுத்தார். பிறகு நெஞ்சைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், என் விலாசத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். பெண் கொடுக்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரித்ததில்லை.

"வீடு எங்க? படி ஏறுறனீங்களோ?"

"நிறையப் படி இருக்குங்க. ஆனா ஆட்டோ பின்பக்கத்தால மேல போயிரும்."

"அப்ப நடக்கிறேல்லை?"

"ஏன் இல்ல? ஆட்டோ வரைக்கும் நடப்பேன்."

"கடையில?"

"காலைல உக்காந்தா கடை பூட்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றேன் பெருமையாக. "மேல் தட்டுல இருக்கிற சாமான யாராச்சும் கேட்டா, முடிஞ்சு போச்சுன்னு சொல்லிருவேன்."

"சாப்பாடு?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வீட்டுச் சாப்பாடு கேரியர்ல வரும். தேத்தண்ணிக்கு எதிர்த்தாப்ல மூக்காயி கடை. உளுந்து வடைக்குக் கருவாட்டுச் சம்பல் தருவா பாருங்க, அடடா! அப்புறம் கிழமைக்கு ஒருக்கா அக்குறணையில ஜவாஹிர் நாநா வீட்டுல புரியாணி. கண்டியில எங்க எது ருசின்னு என்கிட்டதான் எல்லாரும் கேப்பாங்க."

பக்கத்தில் பேச்சியின் உதடு லேசாக அசைந்தது. பாவம், எனக்காகச் சாமியை வேண்டுகிறாள் என்று நினைத்தேன். மூக்காயி, ஜவாஹிர் என்று அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

டாக்டரம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டார். ஹுன்னஸ்கிரியப் பக்கம் தாத்தா வேலை செய்த தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்கு வந்து கடை போட்டவர், நெஞ்சு வலியில் போனவர் என்றேன். அண்ணனைப் பற்றிக் கேட்டார். பேச்சிதான் சப்பாத்துக் கதையைச் சொன்னாள்.

"ஐயா, உங்கட இதயம் களைச்சுப் போச்சுது" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்தைத் தள்ளுற பலம் குறைஞ்சதால தண்ணி காலில இறங்குது. மருந்து தாறன். ஆனா மருந்து பாதி வேலைதான் செய்யும். உப்பைக் குறைக்க வேணும். நடக்க வேணும். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிற எங்கட சனத்துக்கு இந்த நெஞ்சு வருத்தம் கூடத்தான். கனடா, லண்டன் போன ஆக்களும் இதைக் காவிக்கொண்டுதான் திரியினம். உங்கட தாத்தா மலை ஏறினவர். நீங்கள் கதிரையில ஏறிக் குந்திட்டியள். ஆனா சாப்பாடு மட்டும் மலை ஏறினவற்ற சாப்பாடு!"

"அது பழக்கங்க."

"அதைத்தான் சொல்லுறன். வருத்தம் உங்கட நெஞ்சுக்குள்ள மட்டும் இல்லை. நீங்கள் இருக்கிற தெருவில, தேத்தண்ணி குடிக்கிற கடையில, கூடிச் சாப்பிடுற ஆக்களிட்ட எல்லாம் இருக்கு. வீட்டை மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்லை. ஊரையும் மாத்த வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர யாருங்க மாத்துறது?"

டாக்டரம்மாவும் சிரித்தார். பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை சாமித் தட்டில் ஒரு புதுப் பீங்கான் சாடி இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் பூச்சரம்.

"என்ன பேச்சி இது?"

"உப்பு."

"சாமித் தட்டுலயா?"

"ஹுன்னஸ்கிரிய தோட்டத்து மாரியம்மனுக்கு நேந்துட்டேன். இன்னையிலிருந்து உங்க சாப்பாட்டுல போட வேண்டிய உப்பு, அம்மன் சாடியில விழும். திருவிழாவுக்குக் கொண்டுபோய்க் கோயில்ல கொட்டுறோம்."

அம்மனுக்கு உப்புக் கொட்டுகிற வழக்கம் எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. காய்ச்சல் வந்தால் கொட்டுவோம், கட்டி வந்தால் கொட்டுவோம். ஆனால் புருஷனின் சட்டியிலிருந்து எடுத்து மாரியம்மனுக்கு மாதக்கணக்கில் சேமிக்கிற பெண்ணை நான் அன்றுதான் கண்டேன். டாக்டரம்மா சொன்னால் எதிர்த்துப் பேசலாம். மனைவி சொன்னால்கூட, கதவுக்கு வெளியே போய் எதிர்த்துப் பேசலாம். மாரியம்மனிடம் யார் பேசுவது?

அன்று கேரியரைத் திறந்தேன். பருப்பு, கீரை, தேங்காய்ப்பால் சொதி. எல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தன. வாயில் வைத்தால் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால், எது சோறு எது கீரை என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் சும்மா இருக்கிற ஆளா? அன்றே ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் வாங்கினேன். அதை எங்கே வைப்பது? கடைக்குப் பேச்சி வருவாள், மேசை லாச்சியைத் திறப்பாள். மேல் தட்டில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. ஊர்ச் சாப்பாட்டுக்குச் சோறு வடிக்கிற பெரிய அண்டா. வாங்க ஆளில்லாமல் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. ஏணி போட்டு ஏறிப் போத்தலை அதற்குள் வைத்தேன். இறங்கினதும் எனக்கு மூச்சு வாங்கிய விதத்தைப் பார்த்து, கரண்டி வாங்க வந்த ஒரு அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வைத்தது வைத்ததுதான். மறுநாள் எடுக்கப் போனேன், மூன்றாம் படியிலேயே நெஞ்சு படபடத்தது. இறங்கிவிட்டேன். என் ஊறுகாய் எனக்கு மேலே, எட்டாத உயரத்தில், நிம்மதியாக ஊறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு ஞானம் உதித்தது. சாமித் தட்டுச் சாடியில் இருப்பது யாருடைய உப்பு? என் சாப்பாட்டில் போட வேண்டிய உப்பு. அப்படியென்றால் அது என் உப்பு. என் உப்பில் ஒரு கிள்ளு எடுத்தால் அது திருட்டா? அம்மன் என்ன, வீடு வீடாக வந்து நிறுத்துப் பார்க்கவா போகிறாள்?

பேச்சி துணி காயப்போடப் போன நேரம் பார்த்துக் கையை விட்டேன். ஒரு பிடி எடுத்துக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் கடதாசியைப் பிரித்துச் சோற்றில் தூவினேன். பிசைந்து வாயில் வைத்தேன். உப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் தூவினேன். இல்லை. மிச்சத்தையும் கொட்டினேன். வாயில் நறநறவென்றது. அரிசியைச் சரியாகக் களையவில்லைபோல. ஆனால் உப்பு மட்டும் இல்லவே இல்லை.

எனக்கு லேசாக வேர்த்தது. எழுந்து எதிரே மூக்காயி கடைக்குப் போனேன்.

"ஒரு வடை குடு, மூக்காயி. சம்பல் நெறையப் போடு."

"வாங்க மொதலாளி. சுடச்சுட இருக்கு."

ஒரு வாய் கடித்தேன். வடை மெதுவாக இருந்தது, காரமாக இருந்தது. உப்பில்லை. சம்பலை வழித்துத் தின்றேன். அதிலும் இல்லை.

"ஏய், உப்புப் போட மறந்திட்டியா?"

"ஐயோ, என்னா மொதலாளி இப்பிடிச் சொல்றீங்க? எல்லாரும் தின்னுறாங்களே!"

எனக்குப் பக்கத்தில் ஒரு டிரைவர் வடையைக் கடித்துச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருடைய வடை எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அம்மனின் முகம்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அக்குறணைப் புரியாணி. ஞாயிற்றுக்கிழமை போனேன். ஜவாஹிர் நாநாவின் மனைவி றலியாவின் கைப்பக்குவம் மாத்தளை வரைக்கும் பிரசித்தம். பெரிய சஹன் தட்டில் புரியாணியைக் குவித்து நடுவில் வைத்தார்கள். அவர்கள் வழக்கப்படி, நாநாவும் நானும் ஒரே சஹனில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து கைவைத்தோம்.

ஒரு வாய் வைத்தேன். ஏலக்காய் மணந்தது. இறைச்சி கரைந்தது. உப்பு?

நான் நிமிர்ந்து நாநாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி ரசித்து மென்றுகொண்டிருந்தார். இதில் சூது வாது இருக்க வழியே இல்லை. எனக்குத் தனியாக வைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் ஒரே தட்டு, ஒரே சோறு, நான் கிள்ளிய இறைச்சியின் மறுபாதியை அவர்தான் கிள்ளினார்.

"எப்பிடி மொதலாளி?"

"நல்லா... இருக்கு. உங்களுக்கு?"

நாநா விழுங்கிவிட்டு யோசித்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"றலியா! இண்டைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்!"

என் கையிலிருந்த சோறு சஹனில் விழுந்தது.

முடிந்தது. என் நாக்கு செத்துவிட்டது. அம்மன் உப்பில் கைவைத்தவனின் நாக்கிலிருந்து அம்மன் உப்பையே எடுத்துவிட்டாள். கண்டி பஸ் ஸ்டாண்டில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவிய அன்னாசித் துண்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டு வாங்கித் தின்றிருந்தால் உண்மை அங்கேயே தெரிந்திருக்கும். வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதிலும் உப்பில்லை என்றால் பிறகு நான் எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்ததும் நேரே சாமித் தட்டுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். பேச்சி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"தாயே, மன்னிச்சிரு! தப்புப் பண்ணிட்டேன்!"

"என்னங்க, என்னாச்சு?"

"பேச்சி, சாடியில கை வெச்சிட்டேன். அம்மா என் நாக்கப் புடுங்கிட்டா. உப்புத் தெரியல. மூக்காயி வடையில தெரியல, நாநா வீட்டுப் புரியாணியில தெரியல!"

"வெளிய போய்த் தின்னீங்களா?"

"தின்னேன்."

"அம்புட்டுத்தானா? அம்மன் முன்னாடி மிச்சம் வெக்காமச் சொல்லுங்க."

பயந்தவன் வாயில் எது நிற்கும்? "கடையில மேல் தட்டு அண்டாவுக்குள்ள ஒரு போத்தல் ஊறுகாய் இருக்கு. ஆனா சத்தியமா, இன்னும் மூடிகூடத் திறக்கல. ஏணி ஏற முடியலடி!"

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. என்மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் விபூதி எடுத்து என் நெற்றியில் பூசினாள்.

"அம்மன்கிட்ட நான் பேசுறேன். ஆனா திருவிழா வரைக்கும் வெளிய ஒரு வாய் தொடக் கூடாது. மருந்து தவறக் கூடாது. கடைக்கு நடந்து போகணும், நடந்து வரணும்."

"ஆட்டோ?"

"அம்மன் சிங்கத்துலதான் போறா. ஆட்டோவுல இல்ல."

அம்மன் போகிற வாகனத்துக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன்.

நடந்தேன். முதல் கிழமை ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். பிறகு படிகள் ஏனோ குறைந்துகொண்டே வந்தன. கீரையில் பூண்டு இருப்பது ஒருநாள் தெரிந்தது. சொதியில் தேசிக்காய்ப் புளிப்பு தெரிந்தது. இவ்வளவு நாளும் உப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து முகம் காட்டின. ராத்திரி தலையணை அடுக்கி வைத்துத் தூங்கியவன் நீட்டி நிமிர்ந்து தூங்கினேன். ஒருநாள் முடி வெட்டப் போனபோது பேச்சி கடையைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு கிடாரமும் ஒரு இட்லிப் பானையும் விற்றுவைத்திருந்தாள். மேல் தட்டுச் சாமான்கள்!

இன்னொரு அதிசயமும் நடந்தது. ஜவாஹிர் நாநா தந்த படகுச் செருப்பு பெருக்க ஆரம்பித்தது. நடக்கும்போது டப் டப்பென்று அடித்தது. மனிதனுக்கு ஒரு செருப்பு சுருங்கினால் இன்னொன்று பெருக்கிறது, என்ன ராசி இது! பழைய செருப்பை வீடு முழுக்கத் தேடினேன். காணவில்லை. பேச்சியைக் கேட்டேன். "எங்கயாச்சும் இருக்கும்" என்றாள்.

திருவிழா வந்தது. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக் கோயில் மேட்டில் இருக்கிறது. தேயிலைக்கு நடுவே செங்குத்தாகப் படி. அண்ணன் இருந்த கடைசித் திருவிழாவுக்கு நான் இந்தப் படியில் பாதியில் உட்கார்ந்து, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கியவன். இந்த முறை பேச்சி முன்னால் போனாள், மூக்காயியும் எங்களோடு வந்திருந்தாள், நான் டப் டப்பென்று பின்னால் ஏறினேன். மேளச் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. ஒரே ஓர் இடத்தில் நின்றேன். அதுகூடத் தேயிலையைப் பார்க்கத்தான். மேலே போய் நின்றதும் பேச்சி என் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். உயிரோடு இருப்பது எவ்வளவு நல்ல காரியம் என்று அந்த மேட்டில் நின்றபோது எனக்குத் தோன்றியது.

அவள் பையிலிருந்து சாடியை எடுத்தாள். மஞ்சள் இல்லை, பூச்சரம் இல்லை. இது வேறு சாடி. திறந்து அம்மன் முன்னால் கொட்டினாள். வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்தது. நான் ஒரு உப்புக் கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன்.

கரித்தது!

"தாயே! நாக்கு வந்திருச்சு! அம்மா என் நாக்கக் குடுத்திட்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

மூக்காயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, மொதலாளிக்கு இன்னும் சொல்லலியா?"

"என்னத்தச் சொல்லல?" என்றேன்.

"நீங்க கை வெச்ச சாடியில இருந்தது ரவைங்க" என்றாள் பேச்சி. "அம்மன் உப்பு என் பெட்டியில இருந்துச்சு. உங்களுக்கு அம்மன் பயத்தவிட நாக்கு பெருசுன்னு எனக்குத் தெரியாதா?"

"ரவையா? அப்ப வடை?"

"உங்களுக்குத் தனித் தட்டு மொதலாளி" என்றாள் மூக்காயி. "அக்கா வந்து அழுதாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் பிரஷர்தானே. இப்ப கடையில பாதிப் பேருக்கு அந்தத் தட்டுதான்."

"புரியாணி? நாநா ஒரே சஹன்ல தின்னாரே! உப்புத் தூக்கல்னாரே!"

"பாவம் அவரு" என்றாள் பேச்சி. "அந்த ஒரு சஹன முடிக்கிறதுக்குள்ள நோன்பு வெச்ச மாதிரி இருந்துச்சாம். ஊர மாத்தணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? நீங்கதான் எந்தெந்த எடம்னு அவங்ககிட்ட வரிசையாச் சொன்னீங்க. மாத்திட்டேன்."

"அப்ப வீட்டுச் சாப்பாடும் ஏன் சப்புன்னு இருந்துச்சு?"

"டாக்டரம்மா சொன்ன அளவு உப்பு எப்பவும் போட்டேன். உங்க நாக்குக்குத்தான் பத்தல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு. ஆனாலும் ஆண்பிள்ளைக்கு ஒரு மானம் இருக்கிறதல்லவா? இவ்வளவு பேர் சேர்ந்து ஏமாற்றிய பிறகு, ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது நான் ஜெயித்தாக வேண்டும். அண்டா ஞாபகம் வந்தது. இப்போதுதான் எனக்கு மூச்சு வாங்குவதில்லையே! ஊறுகாயைப் பற்றிப் பேச்சி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்திருப்பாள். ஒரு விரல் நுனி. அவ்வளவுதான். நாக்குக்கு இல்லை, மானத்துக்கு.

மறுநாள் கடையைத் திறந்ததும் ஏணியைச் சாத்தினேன். படகுச் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். மூன்றாம் படி, ஒன்றும் ஆகவில்லை. உச்சிப் படி, நெஞ்சு அதன்பாட்டில் அடித்தது. ராஜா மாதிரி நின்று அண்டாவுக்குள் கையை விட்டேன். துழாவினேன். கையில் தோல் வார் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தேன். என் பழைய செருப்பு. ஒரு ஜோடி. துடைத்து, எண்ணெய் பூசி வைத்திருந்தது.

இறங்கி வந்து காலில் மாட்டினேன். வார் பூட்டியது. குதிகால் உள்ளே அடங்கியது. எங்கேயும் கடிக்கவில்லை. நான் அப்படியே ஏணியின் கீழ்ப் படியில் உட்கார்ந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எதிர்க் கடையிலிருந்து மூக்காயி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"செருப்பு அளவாயிருக்கா?" என்றாள் பேச்சி.

"இருக்கு" என்றேன். "ஏணி ஏறுவேன்னு எப்பிடித் தெரியும்?"

"ஏற முடியுற அன்னைக்குத்தானே ஏறுவீங்க. அன்னைக்குச் செருப்பும் சரியாத்தானே இருக்கும்."

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பேச்சி, அந்த ஊறுகாய்?"

"நானும் மூக்காயியும் தின்னு முடிச்சிட்டோங்க. உப்பு கொஞ்சம் தூக்கல்."